பாகற்காயும் கொத்தவரங்காயும் தட்டில் மிஞ்சாமலிருக்க

12 பிப்ரவரி 2023, வாசகர் கேள்வி

எங்கள் வீட்டில் பாகற்காய், கொத்தவரங்காய், அகத்திக்கீரை ஆகிய மூன்றையும் யாரும் தொடுவதில்லை. ஒன்பது வயது மகள் வெண்டைக்காயைக்கூட வழவழவென்று இருப்பதாகச் சொல்லி ஒதுக்கிவிடுகிறாள். பாகற்காயை உப்பில் பிசறிப் பிழிந்தும் பார்த்தேன், வெல்லத்தை அள்ளிப் போட்டும் பார்த்தேன். கசப்பை முழுவதுமாக எடுத்துவிட ஒரு வழி உண்டா? பச்சைக் காய்களுக்கென்று பொதுவான பக்குவம் ஏதேனும் இருக்கிறதா?

12 பிப்ரவரி, இரவு

முழுவதுமாக எடுக்க வழியில்லை. பொதுவான பக்குவமும் கிடையாது, ஏனெனில் நீங்கள் சொன்ன நான்கின் குறையும் வெவ்வேறு. பாகற்காயின் குறை கசப்பு, வெண்டைக்காயினுடையது வழவழப்பு, கொத்தவரங்காயினுடையது பச்சை வாடையும் நாரும், அகத்தியில் கசப்போடு இலையின் முரட்டுத்தனமும் சேர்ந்துகொள்கிறது. எந்தக் காய்க்கு எந்தக் குறை என்று பார்த்து அதற்கு மட்டும் பரிகாரம் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் வெல்லத்தையே மருந்தாகக் கொட்டுகிறவர்கள் கடைசியில் கசக்கும் பாயசத்தைத்தான் இறக்கி வைக்கிறார்கள்.

13 பிப்ரவரி

பாகற்காயை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. விறைப்பாகவும் இளம் பச்சையாகவும் உள்ளதும், அழுத்தினால் உள்ளே பஞ்சுபோல் அமுங்காததுமான காய் வேண்டும். விதை கெட்டிப்பட்டுச் சிவக்கத் தொடங்கிய காயை எந்தப் பக்குவத்தாலும் நல்ல பொரியலாக்க முடியாது. நீட்டுப் பாகற்காயைவிட, கையில் அடங்கும் மிதிபாகற்காய் வறுவலுக்குப் பொருந்தும். அதை முழுதாகவே கீறி மசாலா அடைக்கலாம்.

மேல் முள்ளைச் சுரண்டி எறிவது எனக்கு ஒப்புதல் இல்லாத பழக்கம். எண்ணெயில் வதங்கும்போது மொறுமொறுப்பு வருவது அந்த முகடுகளிலிருந்துதான். உள்ளிருக்கும் பஞ்சையும் முற்றிய விதைகளையும் மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய அரைவட்டங்களாக நறுக்கி, கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் பிசறி, அரைமணி நேரம் வைத்துப் பிழியுங்கள். பிறகு அகலமான இரும்பு வாணலியில் தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, மூடாமல், மிதமான தீயில் ஓரங்கள் பழுப்பு நிறம் காட்டும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். மிளகாய்த்தூள் பாதியில் போகட்டும். வெல்லம் சேர்ப்பதானால் கடைசியில் சுண்டைக்காய் அளவு போதும்.

பலரும் தோற்கும் இடம் வாணலியை மூடுவது. மூடினால் காய் தன் நீரிலேயே அவிந்து துவண்டுபோகும். துவண்ட பாகற்காயை விரும்பி உண்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

13 பிப்ரவரி, சற்றுப் பின்

பிழிந்த காயில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. மறுபடி போடும் முன் ஒரு துண்டை வாயிலிட்டுப் பாருங்கள்.

16 பிப்ரவரி

உப்பு கசப்பை வெளியே இழுக்கிறது என்றால், பிழிந்த பிறகும் ஏன் கசக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. உப்பு வெளியே இழுப்பது முதன்மையாக நீரைத்தான். அந்த நீரோடு கசப்பில் ஒரு பங்கு போகிறது. பாகலுக்குக் கசப்பைத் தரும் குக்குர்பிட்டேன் வகைச் சேர்மங்களில் பெரும்பங்கு சதையிலேயே தங்கிவிடுகிறது.

ஆனால் உப்புக்கு இன்னொரு வேலை உண்டு. அது வாணலியில் அன்றி நம் நாக்கில் நடக்கிறது. பிலடெல்பியாவின் மோனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லின், போஷாம்ப் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தபோது கசப்பு அடங்கியது. அது அடங்கியதால் அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வந்தது. அதாவது உப்பு சரியாக இருந்தால் வெல்லம் குறைவாகவே தேவைப்படும். உப்பைக் கண்டு பயந்து குறைத்துவிட்டு, அதனால் மிகும் கசப்பை மூடக் கைநிறைய வெல்லம் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பில் கட்டுப்பாடு இருக்கும். அவர்களுக்கு வழி புளியும் எண்ணெயும். அதை அடுத்து எழுதுகிறேன்.

19 பிப்ரவரி

புளி என்றதும் பிட்லைக்கு வந்துவிட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பாகற்காய் பிட்லையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், நீர்க்கக் கரைத்த புளியில் மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பாகற்காயைத் தனியே வேகவைத்து, வெந்த துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் சேர்த்து, எண்ணெயில் வறுத்த கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், தேங்காய் ஆகியவற்றை அரைத்து ஊற்றிக் கெட்டியாகக் கொதிக்கவிடுவது. இதில் புளிப்பு, காரம், பருப்பின் இளக்கம், தேங்காயின் கொழுப்பு எல்லாம் இருப்பதால் கசப்பு பந்தியில் பத்தில் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறது.

வரிசை முக்கியம். புளித்தண்ணீரில் காய் மெதுவாகத்தான் வேகும், ஏனெனில் செல் சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதில் இளகுவதில்லை. பாகற்காய்க்கு இது நன்மை: துண்டு குழையாமல் வடிவம் காக்கும். பருப்புக்கும் கடலைக்கும் இதுவே பகை. அவற்றை வேறு பாத்திரத்தில் மலர வேகவைத்த பிறகே புளியோடு சேர்க்க வேண்டும். குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டுக் கடலை கல்லாக இருக்கிறதே என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

20 பிப்ரவரி

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், தங்கள் ஊரில் வெல்லமும் இல்லை, பிட்லையும் இல்லை என்று எழுதியிருக்கிறார். பாகற்காயை மெல்லிய வட்டங்களாக அரிந்து எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்தெடுத்து, ஆறியபின் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப்புளியும் (எலுமிச்சைச் சாறு) உப்பும் சேர்த்துப் பிசறும் சம்பலைத்தான் சொல்கிறார். உண்டிருக்கிறேன், வறுவலைவிட இதையே குழந்தைகள் எளிதில் ஏற்கிறார்கள் என்பது என் கணிப்பு. பந்திக்குப் போகும்போதுதான் பிசற வேண்டும், முன்கூட்டிச் செய்தால் நமுத்துவிடும்.

ஜப்பானின் ஒகினாவா தீவிலும் பாகற்காய் அன்றாட உணவு. கோயா என்று அழைக்கப்படும் அதை டோஃபு, முட்டை, பன்றி இறைச்சி ஆகியவற்றோடு வதக்குகிறார்கள். முட்டை சேர்க்கும் யோசனையை மட்டும் நான் கடன் வாங்கிக்கொண்டேன். உப்பில் பிசறிப் பிழிந்து வதக்கிய பாகற்காயில், இறக்கும் தறுவாயில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி ஒரு கிளறு கிளறினால் சோற்றுக்கு நல்ல துணை. வீட்டில் முட்டை புழங்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

24 பிப்ரவரி

வெண்டைக்காய். சுருக்கமாக: அந்த வழவழப்பு நீரில் கரைந்து பெருகும் ஒருவகைப் பிசின். ஆகவே கழுவித் துடைத்து, முற்றும் உலர்ந்த பின்னரே நறுக்க வேண்டும். அரிவாள்மணையும் உலர்ந்திருக்க வேண்டும். மூடக் கூடாது. உப்பைக் கடைசியில் போட வேண்டும், முன்னால் போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். வதங்கும்போது ஒரு கரண்டி கெட்டித் தயிரோ புளித்தண்ணீரோ தெளித்தால் நூல் அறுந்துவிடும். வாணலியில் கூட்டம் சேர்க்கவும் கூடாது. அரைக்கிலோவை இரண்டு தடவையாக வதக்குவது மேல்.

நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவதைச் சில கடைக்காரர்கள் விரும்புவதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் முற்றல் வெண்டைக்காயை வாங்கிவந்து பிள்ளையின் மேல் குற்றம் சொல்வதைவிட, கடைக்காரரின் முறைப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

3 மார்ச்

கொத்தவரங்காய் பற்றி நீளமாக எழுத எண்ணியிருந்தேன், ஏனெனில் பாகற்காயை வெறுப்பவர்கள்கூட அதற்கு ஒரு மரியாதை தருகிறார்கள். கொத்தவரங்காய்க்கு அதுவும் கிடையாது. கல்லூரி விடுதியில் அரை அங்குல நீளத்துக்கு நறுக்கி, தண்ணீரில் அவித்து, கடுகு மட்டும் தாளித்துப் போட்டதை உண்டு வெறுத்தவன் நான். அந்தக் காயின் மேல் எனக்கிருந்த வருத்தம் தீர்ந்தது பருப்பு உசிலியால்தான்.

காயை மிகப் பொடியாக நறுக்க வேண்டும். இதில் சமரசம் இல்லை. நார் குறுக்கே வெட்டுப்பட்டுச் சிறிதாகும்போது பல்லில் சிக்குவது நின்றுவிடும். உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில், திறந்த பாத்திரத்தில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துவிடுங்கள். பச்சை வாடையில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். நீரில் கரையும் உயிர்ச்சத்துக்கள் சிலவும் போகின்றன, உண்மைதான். தட்டில் ஒதுக்கப்பட்ட காயில் இருக்கும் உயிர்ச்சத்தோ யாருக்கும் சேர்வதில்லை.

துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சம அளவில் ஒரு மணி நேரம் ஊறட்டும். நீரை ஒட்ட வடித்து, காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, இட்டிலித் தட்டில் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் உதிர்க்க வேண்டும். சூடாக உதிர்த்தால் களியாகும். அப்புறம் தாராளமான எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்த பருப்பைப் பொன்னிறமாக வதக்கிக் காயைச் சேர்க்கலாம். எண்ணெயைக் குறைத்துச் செய்யும் உசிலி தொண்டையை அடைக்கும். குறைக்கத்தான் வேண்டுமென்றால் அன்றைக்கு உசிலியே வேண்டாம், தேங்காய் அரைத்த கூட்டு வையுங்கள்.

4 மார்ச்

கொத்தவரங்காய்க்கு உலக மதிப்பு இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். இதன் விதையிலிருந்து எடுப்பதுதான் கவார் கோந்து. ஐஸ்கிரீமிலும் குழம்புக் கலவைகளிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கப்படும் அந்தப் பொருள், அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கிணறுகளுக்கும் தேவைப்பட்டதால், 2012 வாக்கில் விலை மிக உயர்ந்து, அதிகம் விளையும் ராஜஸ்தானில் உழவர்கள் பலர் அதை நோக்கித் திரும்பினர். டெக்சாஸ் எண்ணெய்க் கிணற்றுக்கு உகந்த காய் நம் வீட்டுப் பந்தியில் ஒதுக்கப்படுவது வேடிக்கைதான். சமையலுக்குத் திரும்புவோம்.

11 மார்ச்

கேள்வி கேட்டவர், மகள் உசிலியைச் சாப்பிட்டாள், ஆனால் பருப்பை மட்டும் பொறுக்கித் தின்றாள் என்று எழுதியிருக்கிறார். காய் இன்னும் பொடியாக வேண்டும். பொறுக்க முடியாத அளவுக்கு.

பிள்ளைகளின் பிடிவாதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கசப்பைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் கூடுதலாக உணர்கிறார்கள்; அதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. 1931இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் கையாண்ட பொடி காற்றில் பறந்தபோது, பக்கத்திலிருந்தவர் கசக்கிறது என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸின் நாக்கிலோ ஒரு சுவையும் தெரியவில்லை. அதிலிருந்து தொடங்கிய தேடலில், அந்த வேறுபாடு பிறப்பிலேயே வருவது என்பது தெளிவாயிற்று. மனிதருக்குக் கசப்பை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 25 வகை. ஃபாக்ஸ் விஷயத்தில் வேலை செய்யும் ஏற்பி, முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களின் கசப்போடு தொடர்புடையது; பாகற்காயின் கணக்கு தனி. ஆகவே ஒரே வீட்டில் ஒருவர் விரும்பி உண்பதை இன்னொருவர் துப்புவதில் நடிப்பு எதுவும் இல்லாமலிருக்கலாம்.

அடித்து ஊட்டுவது வேண்டாம். ஒரு கரண்டி, பிடித்தமான வேறு ஒரு பண்டத்தின் பக்கத்தில், அடிக்கடி. நாள் ஆகும்.

12 மார்ச்

முட்டைக்கோஸ் பேச்சு வந்ததால்: அதன் வாடைக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள், அவை வேக வேகப் பெருகும். குறைவான நேரம், நல்ல தீ, கடைசியில் தேங்காய்த்துருவல். குக்கரில் வைக்கக் கூடாத காய்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் முதலிடம் இதற்கே.

26 மார்ச்

கீரைகள். மூன்று வாரமாக இதைத் தள்ளிப்போட்டேன், ஏனெனில் அகத்திக்கீரையைப் பற்றி எனக்கே இரு மனம். பசுவுக்குக் கொடுப்பதற்கென்று கோயில் வாசலில் விற்கும் கீரையை மனிதர் ஏன் உண்ண வேண்டும் என்று சிறுவயதில் நினைத்தவன். ஏகாதசி விரதம் இருந்து மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இலையில் இருந்தாக வேண்டும் என்பது வைணவ வீடுகளின் வழக்கம். வெறும் வயிற்றோடு ஒரு நாள் இருந்தவருக்கு முதலில் அகத்தியைப் பரிமாறுவது சமையல்காரருக்குச் சாதகமான ஏற்பாடு என்பேன். பசியைவிடச் சிறந்த தாளிதம் இல்லையே.

விரதம் இல்லாத நாளில் செய்வதென்றால், காம்பு முழுவதையும் நீக்கி, இலையை நூலாக அரிய வேண்டும். பாசிப்பருப்பை மலர வேகவைத்து, அதில் கீரையைப் போட்டு, மூடாமல் வேகவிட்டு, தேங்காய்த்துருவலும் சீரகமும் சிவப்பு மிளகாயும் சேர்க்க வேண்டும். இன்னும் நல்லது யாழ்ப்பாண முறை: வெங்காயம், பச்சை மிளகாயோடு வேகவைத்து, தேங்காயின் முதற்பால் ஊற்றி, கொதி வரும் முன் இறக்கித் தேசிக்காய் பிழியும் சொதி. தேங்காய்ப்பாலில் அகத்தியின் கசப்பு எவ்வளவு அடங்குகிறது என்பதைப் பார்த்த பிறகு பருப்புப் பக்கம் நான் திரும்புவது குறைந்துவிட்டது.

27 மார்ச்

ஏன் மூடக் கூடாது என்று விளக்கம் கேட்கிறார்கள். இலையின் பச்சையத்தில் நடுவே மக்னீசியம் இருக்கிறது. சூட்டில் செல்கள் உடைந்து அமிலம் கசியும்போது அந்த மக்னீசியம் விலகி, அதன் இடத்தில் ஹைட்ரஜன் வந்து அமர்கிறது. பச்சை மங்கிப் பழுப்பேறுகிறது. திறந்து வைத்தால் ஆவியாகும் அமிலங்களில் ஒரு பகுதி வெளியேறும். புளியையும் எலுமிச்சையையும் இறக்கிய பின் சேர்ப்பதும் இதனால்தான். இங்கே பிட்லைக்குச் சொன்னதற்கு மாறாகச் சொல்கிறேனே என்று கேட்கலாம். பாகற்காய்க்குப் புளி தரும் நன்மை நிறத்தைவிடப் பெரிது. கீரையில் நிறம் போனால் கண்ணே முதலில் வேண்டாம் என்றுவிடும்.

சமையல் சோடா போட்டால் பச்சை நிற்கும். கூடவே கீரை கூழாகும், தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் அழியும். ஓட்டல்காரர்கள் செய்துவிட்டுப் போகட்டும்.

2 ஏப்ரல்

முருங்கைக்கீரையைக் கிளறினால் கசக்கும் என்பது பல வீடுகளில் உள்ள நம்பிக்கை. கசக்கிறதோ இல்லையோ, கரண்டி போட்டுக் கிளறினால் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்கிறது என்பது கண்கூடு. முள்கரண்டியால் மேலாகப் பிரித்துவிட்டு, கையால் நீர் தெளித்து வதக்குங்கள்.

15 ஏப்ரல்

நேற்றுப் புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடியில் மாங்காயும் வெல்லமும் சேர்ந்ததை வைத்து, வெல்லத்தைத் திட்டிய நான் என்ன சொல்கிறேன் என்று கிண்டல் செய்கிறார்கள். பச்சடி அப்படித்தான் இருக்க வேண்டும். அதில் நெய்யில் வறுத்த பூவின் கசப்பு தனியே நாக்கில் தட்டுப்படுகிறது. வெல்லம் அதை மறைக்க வரவில்லை. நான் எதிர்ப்பது மறைப்பதற்காகக் கொட்டும் வெல்லத்தைத்தான்.

23 ஏப்ரல்

எச்சரிக்கை ஒன்று, அவசரமாக. கசக்கும் சுரைக்காயைச் சரிசெய்ய வழி கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். வழி இல்லை, எறிந்துவிடுங்கள். பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் ஆகியவை வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு மிகுந்திருக்கிறது என்று பொருள். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்தப்போக்கு எனத் துன்புற்று இந்தியாவில் உயிரிழந்தவர்களும் உண்டு. வேகவைப்பதால் இந்த நஞ்சு நீங்காது. நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு மேலே செல்லுங்கள். உப்பு, புளி, கொழுப்பு என்று நான் இதுவரை எழுதியவை எதையும் இங்கே முயல வேண்டாம்.

பாகற்காய்ச் சாறு பற்றியும் கேட்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைக் குடிக்கக் கூடாது. சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கிவிடலாம்.

7 மே

வெயில் ஏறியிருக்கிறது, சுண்டைக்காயும் கிடைக்கிறது. பச்சையாகக் குழம்பு வைப்பதென்றால் காம்பை ஆய்ந்து, கல்லால் ஒவ்வொன்றையும் மெல்ல நசுக்கி, உடனே நீர்மோரில் போட வேண்டும். காற்றுப்பட்டால் கறுத்துவிடும். நன்றாக அலசினால் விதை பாதி வெளியேறும், கசப்பும் அதற்கேற்பக் குறையும். பிழிந்தெடுத்து நல்லெண்ணெயில் சுருள வதக்கிய பிறகே புளி ஊற்ற வேண்டும்.

மிஞ்சியதை வற்றலாக்கிவிடுங்கள். நசுக்கிய காயை உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் உறிஞ்சப்படும் வரை இப்படியே செய்து, பிறகு கலகலவென்று சத்தம் வரும் வரை காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடலாம். கொத்தவரங்காயையும் உப்புநீரில் ஒரு கொதி விட்டு வடித்து இதே மோரில் ஊறவைத்துக் காயவைக்கலாம்.

8 மே

வற்றல் வறுப்பது பற்றி விட்டுப்போயிற்று. எண்ணெய் மிதமாகக் காய்ந்தால் போதும். புகை வரக் கூடாது. நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே இன்னும் சிவக்கும். கருகிய வற்றலின் கசப்பு வேறு வகை, அதற்குத் தயிர்சாதமும் உதவாது.